எடுத்துக்கவா?

கோயில்காட்டுக்குள் புகுந்து விதை அள்ளியது நான். பழி விழுந்தது அவர்மேல். ஊர்க்கூட்டத்தில் ஒரே வாக்கியத்தில் அந்தப் பழியை நான் நீக்கியிருக்க முடியும். வேறொரு வாக்கியத்தைச் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசிக்கு வைத்தால், அதுவரை அவரைப் பற்றி நான் எழுதும் நல்ல வார்த்தைகளைப் படித்துவிட்டு என்னையும் நல்லவனென்று நீங்கள் நினைத்துக்கொள்ளக்கூடும்.

அவர் பெயரை இதில் எழுதப் போவதில்லை. அவரிடமே கேட்டேன்.

"ஒன்னப் பத்தி எழுதலாம்னு இருக்கேம்மா."

"என்னத்த எழுதுவீங்க?"

"நடந்தத எழுதுறேன்."

"எழுதிக்கங்க. பேரு வேணாம்."

"ஏம்மா?"

"கேட்டீங்க, சொல்லிட்டேன். அதுக்கு மேல என்ன சார் ஏன்?"

அவரிடம் கேள்வி என்றால் அப்படித்தான். கேட்க வேண்டும், கிடைத்த பதிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் நிறுத்திக்கொண்டேன்.

நாட்டு மரங்களின் விதை பொறுக்குவது அவர் தொழில். ஆண்டு முழுவதும் கிடைக்கிற தொழில் இல்லை. மாசியில் வாகை நெற்று, சித்திரையில் புங்கங்காய், ஆனி ஆடியில் வேம்பும் நாவலும் இலுப்பையும். மழை பிடித்துவிட்டால் சாக்கை மடித்து வைத்துவிட்டு நாற்று நடப் போய்விடுவார். அதுவும் இல்லாத மாதங்களில் நூறு நாள் வேலை. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கக்கத்தில் மடித்த உரச் சாக்கு, கையில் ஒரு பழைய எண்ணெய் கேன். டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம், "சாக்க இங்கிட்டு வச்சுக்கவா?" என்று கேட்காமல் சாக்கைக் கீழே வைக்க மாட்டார். கூட்டம் நெருக்கித் தள்ளினாலும் பதில் வரும்வரை கக்கத்திலேயே இருக்கும்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வீடு புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில். ஓய்வுக்குப் பிறகு, ஆவுடையார்கோவிலுக்குப் போகும் வழியில் எனக்கிருந்த கொஞ்ச நிலத்தில் நண்பர்களோடு சேர்ந்து நாட்டு மரங்களுக்காக ஒரு நர்சரி போட்டேன். தேக்கு விதையும் சவுக்கு விதையும் விலைக்குக் கிடைக்கும். அழிஞ்சில் விதைக்கும் உசில் விதைக்கும் எங்கே போவது? யாரோ சொல்லி அவர் வந்து சேர்ந்தார். கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியிலேயே நின்று, "உள்ள வரவா?" என்றார்.

"அதான் கதவு தெறந்து கெடக்கே, வாம்மா."

"தெறந்து கெடந்தா வாங்கன்னு சொன்னதா ஆயிருமா சார்?"

அன்றைக்கு அதை வாய்த்துடுக்கு என்று நினைத்தேன். வாய்த்துடுக்கும் இருந்தது. அடக்கமானவர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். "நான் குடுத்த வெத மொளைக்கலேன்னா ஒங்க மண்ணு சரியில்ல" என்பார். ஒரு முறை, நாட்டுக் கருவேல் விதை என்று அவர் கொடுத்ததை நம்பிப் போட்டோம். பாத்தி பாத்தியாகச் சீமைக்கருவேல் முளைத்தது. ஆட்டுப்பட்டியில் கூட்டி எடுத்த விதை அது. ஆடுகள் இரண்டின் நெற்றையும் தின்றிருந்தன. அவரைக் கூட்டிப் போய்ப் பாத்தி ஓரத்தில் நிறுத்தினேன். குனிந்து ஒரு கன்றைக் கிள்ளிப் பார்த்தார்.

"ஆட்டுக்கு என்ன சார் தெரியும், நாட்டுது எது, சீமையிது எதுன்னு?"

"ஒனக்குத் தெரியணும்ல?"

"நான் என்ன தின்னா பாத்தேன்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து அத்தனையையும் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது, "மண்ணு நல்ல மண்ணுதான் சார்" என்றார்.

அவரோடு முதன்முதலில் விதை பொறுக்கப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. கண்மாய்க்கு அப்பால் ஒரு பொட்டல். கண்ணுக்கெட்டிய தூரம் வீடு இல்லை, ஆள் இல்லை. நடுவில் ஒற்றை வாகை மரம், இலையெல்லாம் உதிர்த்து, வெளுத்த நெற்றுகள் காற்றில் சலசலக்க நின்றது. அவர் மரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, சத்தமாக, "எடுத்துக்கவா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"யாரக் கேக்குற?"

"யாராச்சும் இருந்தா?"

"ஒருத்தரும் இல்லையே."

"இல்லேன்னா சரி." சாக்கை விரித்தார். "கேட்டு வச்சுக்குறது நல்லதுதான?"

ஏன் இப்படி என்று பின்னொரு நாள் கேட்டேன். இலுப்பைக் கொட்டையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலே சொன்னார். சிறு பிள்ளையாக இருந்தபோது யாரோ ஒருவருடைய தோப்பில் விழுந்து கிடந்த புளியம்பழத்தை மடியில் கட்டி வந்திருக்கிறார். தோப்புக்காரர் பின்னாலேயே வந்து வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். "எங்க ஆத்தா என்னைய ஒன்னுஞ் சொல்லல. அது மடிய ஒதறிக் காட்டுனுச்சு சார், எங்கிட்ட ஒன்னும் இல்ல பாருங்கன்னு. எடுத்தது நானு, ஒதறுனது அது." அவ்வளவுதான். மறுபடி அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலக வளாகத்தில் பெரிய மகிழ மரம் ஒன்று உண்டு. கீழே பழம் கொட்டிக் கிடக்கும், போகிறவர் வருகிறவர் எல்லாம் மிதித்துக்கொண்டு போவார்கள். அள்ளிக்கொண்டு போனால் யாரும் ஏனென்று கேட்கப் போவதில்லை. இவர் நேரே அதிகாரியின் அறை வாசலுக்குப் போய்விட்டார். பின்னால் நான், வெட்கத்தோடு.

"ஐயா, ஒங்க மரத்துல விழுந்த கொட்டைய எடுத்துக்கவா?"

"அது என் மரம் இல்லம்மா. அரசாங்க மரம்."

"அப்ப அரசாங்கத்த யாருங்கய்யா கேக்குறது? நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

அந்த மனிதர் பேனாவை மூடி வைத்தார். மேலே மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எடுத்துக்க" என்றார். அரசாங்கம் மின்விசிறிக்குப் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது என்று நாங்கள் இருவரும் வெளியே வந்து சிரித்துக்கொண்டோம்.

எல்லோரும் அப்படிக் கொடுத்துவிட மாட்டார்கள். எங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். வீட்டுக் கொல்லையில் பூந்திக்கொட்டை மரம். இவர் போய்க் கேட்ட முதல் ஆண்டு, "இல்ல, போ" என்று கதவைச் சாத்தினார். இவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "சரிங்கய்யா" என்று வந்துவிட்டார். அடுத்த ஆண்டு அதே பருவத்தில் மறுபடி அதே கதவு.

"போன வருசம் இல்லேன்னீங்க. இந்த வருசம் எப்டிங்கய்யா?"

அந்த வருடமும் இல்லை. அதற்கடுத்த வருடம் அவர் படுக்கையில் இருந்தார். மனைவி இரக்கப்பட்டு, "எடுத்துக்கம்மா, அவருக்கு என்ன தெரியப் போவுது" என்றிருக்கிறார். இவர் எடுக்கவில்லை. "இல்லேன்னு சொன்னது அவுக. அவுக எந்திரிச்சு சொல்லட்டும்." எழுந்தும் விட்டார் மனிதர். மறுவருடம் இவர் போய் நிற்பதற்குள், பொறுக்கி உலர்த்திய கொட்டையை ஒரு பையில் போட்டு, வாசல் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். கேள்வியை மட்டும் கேட்க வைத்துத்தான் கொடுத்தார்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஒரு கை விதைக்காக அரைப் பகல் போகிறதே என்று நினைப்பேன். அவருக்கு அது போனதாகவே தெரியாது. கேட்டு நிற்கிற வீட்டிலெல்லாம் பேச்சு உண்டு, ஒரு செம்புத் தண்ணீர் உண்டு. யார் மகன் கத்தாரிலிருந்து வந்திருக்கிறான், யார் வீட்டில் கன்று ஈன்றிருக்கிறது என்பதெல்லாம் விதையோடு சேர்ந்து அவர் சாக்கில் வரும். ஊருக்கு ஊர் அவருக்குக் கதவு திறந்தது அந்தக் கேள்வியால்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இனிக் கோயில்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

அந்தக் காட்டில் உலக்கைப்பாலை மரங்கள் அதிகம். மெதுவாக வளர்ந்து இரும்பாக இறுகுகிற மரம். ஆனியில் சின்னச் சின்ன மஞ்சள் பழம் கொட்டும். தின்றால் உதட்டில் பால் ஒட்டும். உள்ளே பளபளவென்று ஒரு கொட்டை. அந்தக் காட்டிலிருந்து எதுவும் வெளியே வரக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. சுள்ளி கூடாது, சருகு கூடாது. பழம் தின்னலாம், கொட்டையை உள்ளேயே துப்பிவிட வேண்டும். சாமி கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் எல்லைக் கல்லருகே நின்று உடுத்திய துணியை உதறி, காலைத் தட்டி, ஒட்டிய மண்ணையும் விட்டுவிட்டு வருவார்கள்.

இவர் போய்ப் பூசாரியிடம் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. சரி என்று திரும்பிவிட்டார். மறு ஆண்டு கேள்வியை மாற்றிக் கேட்டார். காட்டோரம் மேயும் ஆடுகள் விழுந்த பாலைப்பழத்தைத் தின்னும். பட்டியில் வந்து படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும்.

"ஆடு வெளிய கொண்டாந்து துப்புனத எடுத்துக்கவா, சாமி?"

பூசாரி ஊரைக் கூட்டினார். ஆடு உள்ளே போவதே தப்பு என்று சிலர். ஆட்டுக்கு யார் சொல்வது என்று சிலர். கடைசியில் பட்டிக்குச் சொந்தக்காரரான ஆட்டுக்காரர் எழுந்து, "காலத் தட்டிட்டு வரணும்னு போர்டு எழுதி வச்சாலும் எங்க ஆடு படிக்காது. சாமிக்கும் ஆட்டுக்கும் ஏதோ பேச்சு இருக்கு. நாம நடுவுல போக வேணாம்" என்றாராம். கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த வாயோடு சம்மதமும் சொல்லிவிட்டார்கள்.

அன்று முதல் ஆனி மாதக் காலைகளில் அவர் அந்தப் பட்டியைக் கூட்டிப் பெருக்கிக் கொடுப்பார். புழுக்கைக்கு நடுவிலிருந்து பாலைக்கொட்டையைப் பிரித்து, கழுவி, நிழலில் உலர்த்தி என்னிடம் கொண்டுவருவார். கொஞ்சம்தான் தேறும். அந்தக் கொஞ்சத்தை வைத்து அழகான கன்றுகள் வளர்த்தோம்.

பிறகு அந்தப் பெரிய புயல் வந்தது. மாவட்டத்தில் தென்னையும் பலாவும் தேக்கும் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பாலை மரங்கள் கிளை முறிந்தாலும் நின்றன. அதைப் பார்த்த பிறகு எல்லோருக்கும் நாட்டு மரம் வேண்டியிருந்தது. கோட்டைப்பட்டினம் பக்கம் கரையோரத்தில் மரம் வளர்க்கப் புறப்பட்ட சில இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். பாலைக் கன்று எவ்வளவு கிடைக்கும் என்றார்கள். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு என்றேன். ஒரு கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மைக்கிலும் அதையே சொன்னேன்.

அடுத்த ஆனியில், முறிந்த மரங்களில் காய்ப்பே இல்லாதது மாதிரி இருந்தது. ஆடுகள் துப்பியதெல்லாம் சேர்ந்து கேனின் அடியைக்கூட மூடவில்லை. "அம்புட்டுதான் சார் இந்த வருசம்" என்றார் அவர். மைக்கில் பேசியவனுக்கு அது போதவில்லை.

ஒரு நடுப்பகலில் காரை எடுத்துக்கொண்டு போனேன். அவரை அன்று நர்சரியில் தனியாளாகப் பைகளில் மண் நிரப்பும் வேலைக்கு நிறுத்தியிருந்தேன். காட்டுக்குள் வெயில் இறங்கவில்லை, குளுமையாக இருந்தது. மரத்தடி மரத்தடியாகச் சருகைக் கூட்டிக் குவித்து, கிடந்த கொட்டையோடு சேர்த்துச் சாக்கில் அள்ளினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும். எல்லைக் கல்லருகே வந்ததும், பழக்கத்தில், காலைத் தட்டினேன். தோளில் சாக்கு இருந்தது.

மறுநாள் விளக்குப் போட வந்த பூசாரி, மரத்தடிகள் துடைத்து வைத்தாற்போல் கிடப்பதைக் கண்டார். பாலைக்கொட்டையை யார் திருடுவார்கள்? அதைத் தேடி அந்த ஊருக்கு வருகிறவர் ஒருவர்தான்.

தகவல் கேள்விப்பட்டதும் அவர் என்னிடம் ஓடிவந்தார். "சார், அன்னைக்கிப் பூரா நான் இங்கனதான் பை நெரப்பிக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். வாரீங்களா?"

வருகிறேன் என்றேன். காரிலேயே கூட்டிப் போனேன். அந்த விதைகளை அதற்குள் பாத்தியில் போட்டு மண்ணால் மூடியாயிற்று.

எல்லைக் கல்லுக்கு வெளியே, புளிய மரத்தடியில் ஊர் கூடியிருந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே அவர் சாக்கை உதறினார், கேனைக் கவிழ்த்தார், கடைசியில் மடியை அவிழ்த்து உதறிக் காட்டினார். நான் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன்.

"சார் சொல்லட்டும்" என்றார் பூசாரி. "படிச்சவுக, பொய் சொல்ல மாட்டாக. ஏன் சார், அன்னைக்கிப் பகல்ல இந்தம்மா ஒங்க எடத்துலதான் இருந்துச்சா?"

"அன்னைக்கிப் பகல்ல நான் நர்சரியில இல்லைங்க. அதனால உறுதியாச் சொல்ல முடியாது."

அந்த வாக்கியத்தில் பொய் என்று எடுத்துக்காட்ட ஒரு சொல்லும் கிடையாது. அவ்வளவு கவனமாகக் கட்டினேன். நான் அன்று நர்சரியில் இல்லை என்பது உண்மைதானே.

"இனிமே இங்கிட்டு வராதம்மா" என்றார் பூசாரி. "பட்டிக்கும் வேணாம்."

திரும்பும்போதும் காரிலேயே கூட்டி வந்தேன். அவர் இறங்கவேண்டிய இடம் வந்ததும் சொன்னார்: "நீங்க உள்ளதத்தான் சார் சொன்னீங்க. பாக்காதத பாத்தேன்னு எப்படிச் சொல்லுவீங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை நான் வீம்புக்காவது சமாளித்திருப்பேன். அவர் எனக்காகப் பேசியதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் செய்யவில்லை. பாத்தியில் கன்றுகள் மெதுவாக, நன்றாகவே வந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பகுதி கரையோரத்துக்குப் போயிற்று. இன்னொரு கூட்டம், இன்னொரு சால்வை.

பேச்சு பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. அவர் போய் நின்றால் இப்போது இல்லையென்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே எழுந்து போய்விட்டார்கள். இல்லை என்ற பதில் அவரை ஒருநாளும் அசைத்ததில்லை. பதிலே வராததுதான் அசைத்துவிட்டது.

மாசி வந்தது. அந்தப் பொட்டலுக்கு நாங்கள் மறுபடி போனோம். அதே வாகை மரம், அதே சலசலப்பு. அவர் நேரே மரத்தடிக்குப் போனார், குனிந்தார், பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

"கேக்கலையாம்மா?"

"யார சார்?" என்றார், நிமிராமலே.

வீட்டுக்கு வந்த பிறகும் அது காதில் கிடந்தது. அவருடைய பிழைப்பில் மண் விழுந்தது முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சோறு தின்றேன், தூங்கினேன். அந்த இரண்டு சொல்லைக் கேட்ட பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

ஆனாலும் ஆடிவரை இழுத்தடித்தேன். பூசைக்கு ஊர் கூடிய நாளில் தனியாகப் போய், அதே புளிய மரத்தடியில் நின்று, நான்தான் அள்ளினேன் என்று சொன்னேன்.

முதலில் யாரும் நம்பவில்லை. யாரையோ காப்பாற்றச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். காரை நிறுத்திய இடம், எந்தெந்த மரத்தடி என்றெல்லாம் சொன்ன பிறகுதான் நம்பினார்கள்.

"எங்க ஆடுகூட கொட்டைய மட்டுந்தான் கொண்டாரும்" என்றார் ஆட்டுக்காரர். "நீங்க சருகோட அள்ளிட்டீங்களே சார்!"

சிரிப்பு எழுந்தது. பூசாரி சிரிக்கவில்லை.

"அந்தம்மா மடிய ஒதறிக் காட்டுனப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

மீதிக் கன்றுகளைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். வெளியே போனது வெளியே போனதுதான், உள்ளே கொண்டுவந்து வைக்கக்கூடாது என்றார்கள். காட்டைச் சுற்றி எல்லைக்கு வெளியே நட வேண்டும், என் கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. மனம் லேசாகி ஊர் திரும்பினேன். பெரிய காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

மறுநாள் அவர் நர்சரிக்கு வந்தார். "உள்ள வரவா?" இல்லை. விறுவிறுவென்று வந்து என் முன்னால் நின்றார்.

"ஊருல போயிச் சொன்னீங்களாமே? ஆட்டுக்காரரு போன் பண்ணாரு."

"ஆமாம்மா. நான்தான் அள்ளுனேன்."

"அது நேத்தே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. எனக்குத்தான் கடேசியாத் தெரியுது. என்னையப் பத்திப் பேசப் போறோமே, எங்கிட்ட ஒரு வார்த்த கேப்போம்னு தோணலையா ஒங்களுக்கு?"

"ஒம்மேல இருந்த பழிய எடுக்கணும்னுதாம்மா..."

"பழி எம்மேலதான கெடந்துச்சு? எடுக்குறதுன்னா எங்கிட்டயில்ல கேக்கணும்? அள்ளும்போதும் கேக்கல. எடுக்கும்போதும் கேக்கல. என்ன சார் நீங்க!"

பாத்தியோரம் நின்றபடியே சொன்னேன்: "என்னைய மன்னிச்சுக்கம்மா."

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், கேட்ட கேள்விக்கு மதிப்புக் கொடுத்து, உண்டா இல்லையா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர் மாதிரி. பிறகு சொன்னார்.

"இல்ல சார்."

குரலில் கோபம் இறங்கியிருந்தது. பூந்திக்கொட்டை மரத்துக்காரர் கதவைச் சாத்தியதுபோல்கூட இல்லை. இருப்பில் இல்லை என்று சொல்வதுபோல் இருந்தது.

"இந்த வருசம் இல்ல" என்றார். பிறகு, "தண்ணி எடுத்துக் குடிச்சுக்கவா?" என்று கேட்டு, பானையிலிருந்து மொண்டு குடித்துவிட்டுப் போனார்.

நடந்ததில் பாதி நல்லபடியாகவே முடிந்தது. பூசாரி ஆள் அனுப்பினார், இவர் போகவில்லை. பூசாரியே தேடி வந்து, "பட்டிக்கு வாம்மா" என்றபோதும், "வரவா?" என்று ஊர் நடுவில் நின்று ஒரு முறை கேட்டு, பதில் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார். அவர் வராத ஆனியில் ஆடுகள் துப்பியதையெல்லாம் ஆட்டுக்காரர் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். "கெட்டுப்போச்சான்னு தெரியல. கெட்டாலும் ஒன்னோடது" என்றாராம். அடுத்த மாசியில், பொட்டல் வாகையைப் பழையபடி தள்ளி நின்று கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். காற்றுதான் பதில். அவருக்கு அது போதும்.

கரையோரத்துக்குப் போன கன்றுகளைத் திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவை எங்கிருந்து வந்தவை என்பதை அந்த இளைஞர்களிடம் சொன்னேன். அவர்கள் சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை. கன்றுகள் உப்புக்காற்றில் நிற்கின்றன. ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கோயில்காட்டு ஓரத்தில் நான் நட்டவற்றில், முள் வைத்து அடைத்தும், ஆடுகள் கணிசமாகக் கடித்துவிட்டன. முறையிட்டால் ஆட்டுக்காரர், "சாமிக்கும் ஆட்டுக்கும் ஏதோ பேச்சு சார், நீங்க நடுவுல வராதீங்க" என்கிறார். மிஞ்சியவற்றுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றப் போகிறேன். முழங்கால் வலிக்கிறது. அந்த ஊரில் என்னை இப்போது யாரும் பேராசிரியர் என்று சொல்வதில்லை, பாலக்கொட்ட வாத்தியார்தான். போனால் மோர் கொடுக்கிறார்கள். திரும்பும்போது காலைத் தட்டுகிறேனா என்று பார்க்கிறார்கள். தட்டுகிறேன்.

அவர் எனக்கு விதை கொண்டுவருவதை நிறுத்தவில்லை. ஒவ்வோர் ஆனியிலும் நான் மன்னிப்பைக் கேட்கிறேன். எப்படிக் கேட்பது என்பதை அவரிடம்தான் பார்த்திருக்கிறேனே. இந்த ஆனியிலும் அவர் வந்தார். கதவுக்கு வெளியே நின்று "உள்ள வரவா?" என்றார். வந்தார். கேனை இறக்கி வைத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன வருசம் இல்லேன்ன. இந்த வருசம் எப்படிம்மா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, வழக்கம்போல் யோசித்தார்.

"இந்த வருசமும் இல்ல சார்."

"சரிம்மா" என்றேன்.

கதவோரம் நிற்கும் என் வேப்பமரத்தடியில் பழம் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. அதைப் பார்த்தார்.

"கொட்டைய எடுத்துக்கவா?"

"எடுத்துக்க."

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிக் குவித்தார். எறும்பு மொய்த்த ஒரு மூலையை அப்படியே விட்டார். சாக்கைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனவர், நாலடி தள்ளிப் போய்த் திரும்பினார்.

"அடுத்த ஆனியில கேக்காம இருந்துறாதீங்க, சார்."